'கிட்ட' எல்லாம் நியர் ஆகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொல் பட்டியலை என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு நம்பிக்கை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் 'நியர் - அருகில், குளோஸ் - நெருக்கம், ஃபார் - தூரம்' என்று மூன்றே வரி போட்டிருந்தீர்கள். அர்த்தத்தில் தப்பில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்த எட்டாம் வகுப்புப் பையன் மறுநாளே 'மை ஸ்கூல் இஸ் ஃபைவ் கிலோமீட்டர்ஸ் ஃபார்' என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான். இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்லிவிட்டால் அங்கே 'அவே' தான் வரும். 'ஹவ் ஃபார் இஸ் இட்' என்று கேட்கலாம், 'இட் இஸ் நாட் ஃபார்' என்றும் சொல்லலாம், ஆனால் ரொம்ப தூரம் என்பதற்கு ஆங்கிலேயர்கள் பேச்சில் பெரும்பாலும் 'எ லாங் வே' தான். இன்னொரு பெண் 'தூரத்து மாமா' என்பதற்கு 'ஃபார் அங்கிள்' என்று எழுதியிருந்தாள். பாவம், பட்டியலில் அப்படித்தானே இருக்கிறது? உறவு என்றால் 'டிஸ்டன்ட்' என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் 'கிட்ட'. 'பேனா என்கிட்ட இருக்கு' என்பதைப் பிள்ளைகள் 'தி பென் இஸ் நியர் மீ' என்றும், 'சார்கிட்ட கேட்டேன்' என்பதை 'ஐ ஆஸ்க்டு நியர் சார்' என்றும் எழுதுகிறார்கள். தமிழில் பக்கத்தில் இருப்பது, கைவசம் இருப்பது, ஒருவரிடம் கேட்பது எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லே பார்த்துக்கொள்கிறது, ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வழி. அதே சமயம் 'கிட்டத்தட்ட' என்பதற்கு 'நியர்லி' என்று சொல்லிக்கொடுத்தால், அட நம்ம மாதிரியே இருக்கே என்று சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நியர் பின்னால் 'டு' பெரும்பாலும் தேவையில்லை, 'நியர் தி பஸ் ஸ்டாண்ட்' போதும். குளோஸ் என்றால் 'டு' கட்டாயம்.

அப்புறம், சொல்லின் கதையையும் கொஞ்சம் சேர்க்கலாம். பழைய ஆங்கிலத்தில் அருகில் என்று பொருள்படும் ஒரு சொல் இருந்தது, இன்று 'நை' என்று எப்போதாவதுதான் கண்ணில் படும். அதிலிருந்து 'இன்னும் அருகில்' என்று வந்ததுதான் நியர், 'எல்லாவற்றையும்விட அருகில்' என்று வந்தது நெக்ஸ்ட். நெய்பர் என்பதன் முன்பாதியும் அதே சொல்தான், பக்கத்தில் குடியிருப்பவர் என்று அர்த்தம். இதைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டிய அன்று, எப்போதும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் பையன்கூட 'அப்போ நெக்ஸ்ட் டு மீன்னா ரொம்ப ஒட்டி உட்காருறதா மிஸ்?' என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அடுத்த வாரம் 'பிசைடு', 'பிசைட்ஸ்' வரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு 'ஸ்' சேர்ந்தால் 'பக்கத்தில்' என்பது 'அதுபோக' என்று மாறிவிடும் இடம் அது. பத்துச் சொல்லுக்குப் பதில் ஐந்தே போடுங்கள், சொல்லுக்கு இரண்டு வாக்கியமும் நம் பிள்ளைகள் வழுக்கும் இடம் எது என்று ஒரு வரியும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் ஆசிரியை,
திண்டிவனம்.