அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வாருங்கள்

கோவையில் ஓட்டக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும், ஞாயிறுதோறும் மேற்கு மலையடிவாரத்தில் ஓட வருகிற நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஒன்பது ஆண்டுகளாக உங்களோடு ஓடுகிறவன். நரசீபுரம் பக்கம், போளுவாம்பட்டிப் பக்கம், ஆனைகட்டி சாலையிலிருந்து பிரியும் மண் தடங்கள் என்று இந்த அடிவாரத்தில் நம் கால் படாத இட்டேரிகள் குறைவு. நொய்யலுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளைச் செருப்பு நனைய எத்தனை முறை தாண்டியிருப்போம். அந்தத் தடங்கள் எனக்குத் தந்ததை எழுதி முடிக்க முடியாது. அதனால்தான் இந்த மடல். நான் கேட்பது ஒன்றே ஒன்று: காட்டோரத் தடங்களில் விடிவதற்கு முன் ஓடுவதை நிறுத்திவிடுவோம்.

கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிறு. மணி ஐந்தேகால். அன்று முன்னால் ஓடியவன் நான். ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறுபக்கம் யானைகளைத் தடுக்க வெட்டிய அகழி, நடுவே இரண்டு ஆள் அகலத்தில் தடம். தலையில் கட்டியிருந்த டார்ச் என் காலுக்கு முன்னால் ஒரு வெளிச்ச வட்டம் போட்டுக்கொண்டே வந்தது. கல்லும் வேரும் துல்லியமாகத் தெரிந்தன. வட்டத்துக்கு வெளியே இருட்டு இன்னும் கெட்டியாகத் தெரிந்தது. தோட்டத்துப் பரணிலிருந்து ஒரு குரல், "நில்லு, நில்லு" என்று கத்தியது. நின்றேன். என் மூச்சு அடங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஈரமான எதையோ நாராகக் கிழித்து நிதானமாக மெல்லுகிற சத்தம். டார்ச்சை உயர்த்தினேன். தண்ணீர்த் தொட்டியின் சுவர் என்று நினைத்து நான் ஓடி வந்துகொண்டிருந்தது சுவர் அல்ல. இருபது அடி தூரம்கூட இருக்காது. வாயோரத்தில் வாழைத்தண்டு தொங்கியது. ஆடிக்கொண்டிருந்த காதுகள், வெளிச்சம் பட்டதும் அப்படியே நின்றன.

"டார்ச்சை அணை. திரும்பி ஓடாதே. மெல்லப் பின்னால் வா" என்றார் பரணில் இருந்தவர். அவர் சொன்னபடி செய்தேன். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அகழியின் கரை சரிந்து தூர்ந்துபோன ஓர் இடத்தில் அந்த யானை முன்னங்காலை வைத்துப் பார்த்து, மண் தாங்கும் என்று தெரிந்த பிறகு இறங்கி, ஏறி, காட்டுக்குள் போனது. அவ்வளவு பெரிய உடம்பு போகும்போது ஒரு குச்சி முறிகிற ஓசைகூட எனக்குக் கேட்கவில்லை.

அந்தக் காவல்காரர் என்னைத் தோட்டத்துக் குடிசையான சாளைக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார். இரவு முழுக்க விழித்திருந்த கண்கள். கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். "ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினது, விடிவதற்குள் ஏறிவிடும். தினமும் இதே வழிதான். அது வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் நீங்கள் குறுக்கே வருகிறீர்கள், கண்ணு" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. இரவில் வாழைக்கும் மக்காச்சோளத்துக்கும் இறங்குகிற யானைகள் வெளிச்சம் வருமுன் காடு திரும்புகின்றன. நாம் வெயிலுக்குப் பயந்து சரியாக அதே நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நடந்து வருகிறவர் பேசிக்கொண்டு வருவார். அவர் வருவது தூரத்திலேயே தெரிந்துவிடும். ஓடுகிறவன் திருப்பத்தில் திடீரென்று முளைக்கிறான். காதில் பாட்டு வேறு. ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் முடித்தால் நமக்குப் பெருமை. அது மணிக்குப் பத்து கிலோமீட்டர். ஆசிய யானை மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரை போகும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். கரடிக்கும் இதே கதைதான்: எதிர்பாராமல் பக்கத்தில் வந்துவிட்ட மனிதனைத்தான் அது தாக்குகிறது.

நம் உயிரைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. நம்மில் ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் மறுநாள் அந்த யானைக்கு ஒரு பெயர் வைப்பார்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தடாகம் பகுதியில் வயல்களில் இறங்கிக்கொண்டிருந்த சின்னத்தம்பி என்ற யானையை 2019 ஜனவரியில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து ஆனைமலையில் உள்ள டாப்ஸ்லிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது சில நாள்களிலேயே வெளியே வந்து உடுமலைப் பக்கம் வரை நடந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, மரக்கூண்டில் அடைத்து, மற்றக் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் உதவும் கும்கியாகப் பழக்கினார்கள். பயிருக்கு வந்த யானைக்கே அந்தக் கதி. ஒரு ஓட்டக்காரனின் பயிற்சிக் கணக்குக்காக இன்னொரு யானை அந்தக் கூண்டுக்குப் போக வேண்டுமா?

தடங்களும் மூடப்படும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. முறையான வழியாக 40 தடங்களை அரசு திறந்து இணையத்தில் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியது 2024 அக்டோபரில். இடையே ஆறரை ஆண்டுகள். அந்தத் தடங்களில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். தீக்காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். நாம் ஓடுவதோ எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஓரத் தடங்களில். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம் என்று தெரிந்தும், எல்லைக் கல்லைத் தாண்டி "இன்னும் ஒரு கிலோமீட்டர்" போய் வந்தவர்கள் நம்மிடையே உண்டு. நானும் போயிருக்கிறேன். இனி போக மாட்டேன்.

ஆகவே குழு நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். காட்டோரத் தடங்களில் சூரியன் வந்த பிறகே புறப்படுங்கள். கோவையில் ஜூன் மாதம் ஆறு மணியை ஒட்டியும் ஜனவரி இறுதியில் ஆறே முக்காலை ஒட்டியும் உதயமாகிறது. மலை நமக்கு மேற்கே இருப்பதால் முதல் வெளிச்சமே நேராக அடிவாரத்தின் மேல் விழும். வெயில் ஏறிவிடும் என்பீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற ஊரில் எட்டு மணி வெயில் யாரையும் சாய்த்துவிடாது. பங்குனி, சித்திரையில் தாங்காதுதான். அந்த இரண்டு மாதமும் காடு காய்ந்து கிடக்கும், அப்போது அங்கே போகவே வேண்டாம். ஒன்பது மணிக்கு அலுவலகம் என்கிறவர்களுக்கு வார நாள்களில் ஊருக்குள்ளேயே ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது. ஐந்து மணிக்கு அங்கே எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம்.

புறப்படுமுன் அந்த ஊரில் ஒருவரிடம் கேளுங்கள். நேற்று இரவு யானைகள் எந்தத் தோட்டத்தில் இறங்கின, எந்தப் பள்ளத்து வழியாக ஏறின என்பது வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் தோட்டத்துக் காவலுக்கு இருப்பவர்களுக்கும் மணி வாரியாகத் தெரியும். நம் கைக்கடிகாரம் எதுவும் அதைச் சொல்லாது. பந்தயம் நடத்துகிறவர்கள் அவர்களில் நான்கு பேரையாவது முறையான கூலிக்கு அமர்த்தி, "இன்று வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் பந்தயத்தை நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுங்கள். பனியனுக்கும் பதக்கத்துக்கும் ஆகிற செலவில் இது சிறு பங்குதான்.

ஓட்டத்தைப் பதிவுசெய்யும் செயலியில் நாம் ஏற்றும் தடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் ஓடிய வழியைக் கோடாகப் போட்டுப் பொதுவில் வைக்கிறோம். அதில் யார் வேகம் என்று பட்டியல் வருகிறது. ஊரைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக, இருட்டில், நம் நேரத்தை முறியடிக்க வருகிறார். அகழியோரத் தடத்தில் என் பெயர் ஓராண்டாக முதலிடத்தில் இருந்தது. அந்தப் பதிவையும் காட்டோரத்தில் ஓடிய மற்ற பதிவுகளையும் நீக்கிவிட்டேன். நீங்களும் நீக்குங்கள்.

ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லின் நெகிழி உறைகளைக் கீழே போடாதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் 2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இறந்துபோன பெண் யானையின் வயிற்றில் நெகிழிக் குப்பை இருந்தது. கருவும் இருந்தது. அதனால் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு முதல் நரசீபுரம் பக்கம் ஆறே முக்காலுக்குத்தான் ஓடத் தொடங்குவேன். ஆறு மணியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் இருப்பேன். இரவுக் காவல் முடிந்து அந்தப் பெரியவரும் அங்கேதான் வருவார். அவர் எந்தப் பக்கம் போகலாம் என்கிறாரோ அந்தப் பக்கம் ஓடுவோம்.

அன்புடன்,
உங்களோடு ஓடுகிற ஒருவன்