பானையை இப்போதைக்கு மாட்டாதே

பாளையங்கோட்டை
ஐப்பசி 20

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. தினமும் வாட்ஸப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறவள் இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுதியிருக்கிறாயே என்று கொஞ்சம் பயந்துகொண்டேதான் பிரித்தேன். ஹாஸ்டல் நாளில் இருந்த அதே கையெழுத்து. கடைசி நாலு வரி இடமில்லாமல் ஓரத்தில் ஏறிப் போகிறது, அதுவும் மாறவில்லை.

இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குக் கண்புரை எடுத்தாயிற்று. இப்போது என் அடுக்களை மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் தெரிகிறதாம், தினம் ஒரு புகார். பெரியவள் தைப்பொங்கலுக்கு வருகிறாள். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுதினால் லெட்டர் முடிந்துவிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அண்ணன் பேத்திக்காக ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார், கடைக்காரர் கூடவே முட்டையிட ஒரு மண்பானையும் தந்து, "மாட்டிவிடுங்க, ரெண்டு மாசத்துல குஞ்சு பார்க்கலாம்" என்றார், மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு மாட்டாதே. பொறுமையாகப் படி, பாதியில் அடுப்பைப் பார்க்கப் போய்விடாதே.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லும் இந்தக் கோடு போட்ட குருவிக்குச் சரியான பெயர் பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை, கட்டையான வாலோடு கொஞ்சம் தடியாக இருக்கும். பட்ஜிக்குச் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840-இல் ஜான் கூல்டு என்ற பறவை ஆராய்ச்சியாளர் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதிலிருந்துதான் கூண்டு வாழ்க்கை ஆரம்பம். அந்தக் காட்டில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் முட்டை. யூகலிப்டஸ் மரப்பொந்து கிடைத்ததுமே சட்டென்று வேலையை ஆரம்பித்துவிடும். தீனி காய்ந்தால் நிறுத்திக்கொள்ளும்.

இப்போது நம் வீட்டை நினைத்துப் பார். கிண்ணம் நிறையத் தினை, வருஷம் முழுக்க. அதில் இருட்டாக ஒரு பானையும் மாட்டினால், அதன் கணக்கில் மழைக்காலம் முடியவே இல்லை. நிறுத்து என்று சொல்ல அங்கே வறட்சி இருக்கிறது. இங்கே நாம்தான் சொல்லியாக வேண்டும். நான் சொல்லவில்லை. அதைத்தான் உனக்கு எழுத வந்தேன்.

ரிட்டயர் ஆன வருஷம் இவர் இரண்டு ஜோடி வாங்கி வந்தார், நாலும் பச்சை. ஒரே பெரிய கூண்டு, ஒரே பானை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு பெட்டையின் காலில் ரத்தம். பெட்டைகள் பொந்துக்காக இப்படி அடித்துக்கொள்ளும் என்று அப்போதுதான் தெரிந்தது. உடனே இன்னும் மூன்று பானை வாங்கி மாட்டினோம், பெரிய புத்திசாலிகள் மாதிரி. மாசி வாக்கில் ஒரு பானையில் நீலக்குஞ்சு ஒன்று வந்தது. பச்சைக்கும் பச்சைக்கும் எப்படி நீலம் என்று இவர் கேட்டார் பார், எனக்கு ஒரே குஷி. மெண்டலின் பட்டாணியை முப்பது வருஷம் கரும்பலகையில் போட்டவள் நான். பச்சை ஓங்கிய பண்பு, நீலம் ஒடுங்கிய பண்பு, இரண்டு பேரும் நீலத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சுண்ணாம்புக்கட்டி இல்லாத குறையாக வகுப்பெடுத்தேன். அப்படியானால் தாயும் தகப்பனும் ஒரே கூட்டுக் குஞ்சுகளாகவும் இருக்கலாமே என்று அந்த டீச்சருக்குத் தோன்றவில்லை.

ஒரே வருஷத்தில் பத்தொன்பது உருப்படி ஆகிவிட்டது. அந்த நீலக்குஞ்சு நீலாவும் அதே கூண்டில், அதே பானைகளுக்கு நடுவில் வளர்ந்தாள். ஐந்து மாசம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் கூண்டின் தரையில் இறகெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கியது. தூக்கிப் பார்த்தால் அடிவயிறு வீங்கியிருக்கிறது. முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டது. துணியில் சுற்றி ஆட்டோவில் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் கையிலேயே அடங்கிவிட்டாள். வயசுக்கு வராத உடம்பு, முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தும் இல்லை என்றார் டாக்டர். தகப்பனோடு சேர்ந்தாளா, அண்ணன் தம்பியோடா, அதுவும் எனக்குத் தெரியாது வசந்தா.

அந்த வாரமே பானைகளை இறக்கினோம். பறவைகளை என்ன செய்வது? உறவுக்காரர்கள் ஏழு வாங்கிக்கொண்டார்கள். பத்தை ஒரு கடையில் கொடுத்தோம். ஒரு மாசம் கழித்து அந்த வழியாகப் போனேன், ஷூ பெட்டி அளவு கூண்டில் இருபதோடு இருபதாக நம் பச்சைகளும் நின்றன. இறங்கிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. திறந்து விட்டிருக்கலாமே என்று என் தம்பி சொன்னான். அது இன்னும் மோசம், கூண்டில் பிறந்தது நம் ஊர்க் காக்கைக்கும் பூனைக்கும் ஒருநாள் தாங்காது.

அதனால் இப்போது என் வழக்கம் இதுதான்: முதலில் ஆள், அப்புறம் முட்டை. யார் யார் வீட்டுக்கு எத்தனை குஞ்சு என்று காலண்டரின் பின்பக்கம் எழுதுவேன். குறைந்தது நாலு இடம் நிஜமாக ஒப்புக்கொண்டால்தான் முட்டையிடும் பெட்டி மாட்டுவேன். போன வருஷம் பட்டியல் நிரம்பவில்லை, மாட்டவில்லை. பெட்டி இல்லாததற்காக அதுகள் ஒன்றும் ஏங்கவில்லை, பாட்டும் சண்டையுமாக நன்றாகத்தான் இருந்தன.

மாட்டுகிற வருஷம் ஒரு ஜோடிக்கு ஒரு கூண்டு. இரண்டுக்கும் ஒரு வயசு முடிந்திருக்க வேண்டும், வேறு வேறு இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். பானையைவிட மரப்பெட்டி நல்லது, மூடியைத் திறந்து பார்க்கலாம். தரையில் குழி வேண்டும். தட்டையாக இருந்தால் குஞ்சு வழுக்கி இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்துபோகும். எங்களுக்கு ஒன்று அப்படி ஆனது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை கேள், கணவாய் ஓடுதான், கூண்டில் கட்டிவிட்டால் கொறித்துக்கொள்ளும். வெறும் தினை போதாது. அவித்த முட்டை, முளைகட்டிய பயறு, நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை எல்லாம் பெட்டி மாட்டுவதற்கு முன்பே பழக்கு. சித்திரை, வைகாசியில் மாட்டவே மாட்டாதே, நம் வெயிலுக்குப் பெட்டிக்குள் வெந்துவிடும்.

ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டை, மொத்தம் நாலிலிருந்து ஆறு. பதினெட்டு நாளில் பொரியும், அதுவும் அதே வரிசையில். ஒரு வாரம் ஆனதும் இருட்டில் செல்போன் லைட்டை முட்டையின் அடியில் வைத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பு நூல் வலை, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. இவரைக் கூப்பிட்டேன், புதுக் கண்ணால் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. உன் பட்டியலைவிட முட்டை அதிகமானால் எடுத்து எறியாதே, கணக்குக் குறைகிறதென்று இன்னும் இடும். அன்றே எடுத்து அவித்து ஆறவைத்துத் திருப்பி வை, அதன்மேலேயே அடைகாக்கும்.

பொரித்த குஞ்சு நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ரோஸ் நிறத் தோல், கண் மூடியிருக்கும், தோலுக்கு அடியில் தீனிப்பை நிறைந்திருப்பது வெளியிலிருந்தே தெரியும். மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் எட்டு, பத்து நாள் வித்தியாசம். பெரிசுகள் கத்திக் கலாட்டா பண்ணினாலும் தாய் அதுகளைத் தாண்டிச் சின்னதற்கு ஊட்டுவதை நான் மூடி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறேன். ஐந்து வாரத்தில் வெளியே வரும், அப்புறம் கொஞ்ச நாள் தகப்பன் ஊட்டுவான். தானாகத் தினையை உரித்துத் தின்கிறதா என்று பார்த்த பிறகுதான் யாருக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு ஈடு முடிந்தால் பெட்டியை இறக்கிவிடு, அந்த வருஷம் அவ்வளவுதான்.

இதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு வேலை செய். அலகுக்கு மேலே மூக்குத் துவாரத்தைச் சுற்றி மெழுகு மாதிரி ஒரு பட்டை இருக்கும். வளர்ந்த ஆணுக்கு நீலம், பெட்டைக்கு வெளிறியோ பழுப்பாகவோ இருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் மட்டும் இது சரிவராது. உன்னுடையது பச்சையும் நீலமும் என்று எழுதியிருக்கிறாய், அதனால் தெரிந்துவிடும். போனில் நீ அனுப்பிய போட்டோவை இவர் பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டு மூக்கும் நீலம் என்கிறார். ஒன்றுக்கொன்று ஊட்டுகிறது, அதனால் ஜோடிதான் என்று அண்ணன் சொன்னாராமே, ஆணும் ஆணும்கூட அப்படி ஊட்டிக்கொள்ளும். பகல் வெளிச்சத்தில் இன்னொரு போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை அண்ணனிடம் மூச்சு விடாதே, பானைக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறார் பாவம். அந்தப் பானையில் கொத்தமல்லி போட்டுவிடு.

அன்புடன்,
மங்கை