பாப்பி நம்ம ஊர்லயும் பூக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வந்த வீட்டுத்தோட்டக் குறிப்பைப் படிச்சேன். பாப்பிப் பூ ஊட்டி, கொடைக்கானலுக்குத்தான் சரி, செட்டிநாட்டுப் பக்கம் ஆசைப்படவே வேணாம்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க. நான் இருக்கறது பள்ளத்தூர், இந்தச் செம்மண்ணுலதான் மூணு வருஷமா போடுறேன், அதுல ரெண்டு வருஷம் நல்லாவே பூத்துச்சு. ஊருணிக் கரையில முள்ளும் மஞ்சப்பூவுமா நிக்கிற பிரம்மதண்டு கூட பாப்பி குடும்பம்தான், அதை யாரும் ஊட்டிச் செடின்னு சொல்றதில்லையே!

மொத வருஷம் வீணாப்போனதுக்கு வெயில் காரணமில்ல, நான்தான். ஷெர்லி பாப்பிங்கற தோட்டப் பூ ரகத்தோட விதை வாங்கி, கத்தரி மிளகாய்க்குச் செய்யற மாதிரி ட்ரேயில நாத்து விட்டு ஐப்பசியில எடுத்து நட்டேன், பாதி மறுநாளே துவண்டுச்சு, மிச்சம் அடைமழையில அழுகிருச்சு. பாப்பிக்கு ஆணிவேர், அதை அசைச்சா அவ்வளவுதான்.

மறு வருஷம் கார்த்திகை தீபம் கழிஞ்சு மழை விட்டதும், பின்கட்டுல கிணத்தடிக்குத் தள்ளி காலை வெயில் படுற எடத்துல நேரா பாத்தியிலயே விதைச்சேன். விதை அவ்வளவு பொடிசு, ஃபேன் ஓடுற ரூம்ல பாக்கெட்டைப் பிரிச்சா போச்சு. ஒரு சிட்டிகை விதைக்கு ரெண்டு கை ஆத்துமணல் கலந்து தூவி உள்ளங்கையால லேசா அமுக்கி விட்டேன், மேல மண்ணு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும். தண்ணியும் ஸ்ப்ரேயிலதான். எறும்புக்காக சுத்தி மஞ்சத்தூள் போட்டேன், அது கேட்டுச்சோ இல்லையோ, 12 நாள்ல பாசி படிஞ்ச மாதிரி பச்சையா கிளம்பிருச்சு. அப்புறம் சாணுக்கு ஒண்ணா விட்டுட்டு மிச்சத்தை கத்தரிக்கோலால நறுக்கிறணும், புடுங்கினா பக்கத்து வேரும் ஆடிரும். மனசு வராது, ஆனா பாவம் பாத்தா ஒண்ணுமே தேறாது. எருவும் அள்ளிப் போட வேணாம். 1880ல லண்டன் பக்கத்துல ஷெர்லிங்கற ஊர்ப் பாதிரியார் ஒருத்தர் தன் தோட்டத்துல ஓரம் வெளுத்த ஒரே ஒரு வயக்காட்டுப் பாப்பியப் பாத்து, அதோட விதையிலேர்ந்து வருஷா வருஷம் பொறுக்கி எடுத்து வளத்ததுதான் இந்த ரகம், அடிப்படையில களைச்செடி.

மாசி பொறந்ததும் மொட்டு வந்துச்சு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும், பூக்கற அன்னிக்குத்தான் நிமிரும். ஒருநா காலையில காபி டம்ளரோட உக்காந்து பாத்தேன், ரோமம் படர்ந்த ரெண்டு மூடி கழண்டு விழுந்து, உள்ள நாலு இதழும் சுருட்டி வச்ச கண்டாங்கிய உதறின மாதிரி சுருக்கத்தோடயே விரிஞ்சுச்சு. ரெண்டு நாள்ல உதிர்ந்துரும், ஆனா மொட்டு வந்துக்கிட்டே இருக்கும். பங்குனி வெயில் ஏறினதும் காய்ஞ்சுரும், அதுக்கு மேல இழுத்துப் பிடிக்க முடியாது.

இன்னொண்ணு, இதைக் கொட்டை எழுத்துல போடுங்க. எங்க நாத்தனார் என் பூவைப் பாத்துட்டு அஞ்சறைப்பெட்டி கசகசாவையே தூவிப் பாக்குறேன்னு கெளம்பினாங்க. கசகசா அபின் செடியோட விதை, குருமாவுக்கு அரைக்கலாம், தோட்டத்துல விதைச்சா 1985 போதைப்பொருள் சட்டத்துல குத்தம். மத்திய அரசு லைசென்ஸ் இருந்தாத்தான் போடலாம், மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப்பிரதேசத்துல அப்படி லைசென்ஸோட பயிர் பண்றாங்க. துபாய்ல கசகசாவுக்கே தடைங்கறதால மகனுக்குக் குடுத்து விடுற மசாலாவுல கூட நான் சேக்கறதில்ல. ஷெர்லி இலை வெட்டு வெட்டா ரோமத்தோட இருக்கும், அபின் செடி இலை வழவழன்னு சாம்பல் பூத்து தண்டைக் கட்டிப் பிடிச்சிருக்கும், பாத்தாலே தெரியும். வாங்கற பாக்கெட்டுல என்ன ரகம்னு எழுதியிருக்கணும், வெறும் பாப்பின்னு போட்டிருந்தா திருப்பிக் குடுத்துருங்க.

இந்தக் கார்த்திகைக்கு முன்னாடி அந்தக் குறிப்பைத் திருத்திப் போட்டுருங்க, அவசரப்பட்டு ஐப்பசியில விதைக்காதீங்கன்னும் சேத்து.

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகி