துப்புயி நூல் தடை செய்யப்படவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசு சபை இறையியலாளர் ஜாக் துப்புயி குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, எல்லா மதங்களும் சமம் என்று அவர் எழுதியதாகவும் அதனால் மதங்களின் பன்மை பற்றிய அவரது நூலை (Toward a Christian Theology of Religious Pluralism) வத்திக்கான் தடை செய்ததாகவும் சொல்கிறது. அவர் அப்படி எழுதவில்லை. நூலும் தடை செய்யப்படவில்லை.

கத்தோலிக்கர் படிக்கக் கூடாதவை என்று வத்திக்கான் வைத்திருந்த விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலுக்கு இருந்த சட்ட வலு 1966 ஜூன் மாதமே போய்விட்டது. அதன்பின் ஒரு நூல்மீது ஐயம் எழுந்தால் திருச்சபைப் போதனையைக் கண்காணிக்கும் வத்திக்கான் அலுவலகமான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் (2022 முதல் விசுவாசக் கோட்பாட்டுத் துறை) அதை ஆய்வு செய்யும். துப்புயி விவகாரத்தின்போது நடப்பில் இருந்தவை 1997 ஜூன் தேதியிட்ட விதிகள். அவற்றின்படி, நூலின் நிறைகளை எடுத்துச்சொல்லவே ஒருவரை நியமிக்க வேண்டும். ஐயத்துக்குரிய கருத்துகளின் பட்டியல் நூலாசிரியருக்கு மேலுள்ள சபை அதிகாரி வழியாக அவருக்குப் போகும். எழுத்தில் பதில் தர மூன்று மாத அவகாசம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிரியருக்காகப் பேசும் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது பேராயமே, ஆசிரியர் அல்ல. முதல் கட்ட ஆய்வும் அவருக்குத் தெரியாமலேயே நடக்கும். விமர்சிக்க வேண்டுமென்றால் கட்டுரையாளர் இங்கே கை வைத்திருக்கலாம்.

துப்புயியின் நூல் 1997இல் வந்தது. விசாரணை நடப்பதை 1998 இலையுதிர் காலத்தில்தான் அவர் அறிந்தார். 1999 தொடக்கத்தில் வியன்னாவின் முன்னாள் பேராயர் கர்தினால் ஃபிரான்ஸ் கோனிக் அவருக்கு ஆதரவாகப் பகிரங்கமாக எழுத, அன்று பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர் அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு விவகாரம் வளர்ந்தது. 2000 செப்டம்பர் 4 அன்று துப்புயி ராட்சிங்கரை நேரில் சந்தித்தார். உடன் சென்றவர்கள் இயேசு சபைத் தலைவர் கோல்வன்பாக்கும், துப்புயிக்காக வாதிட்ட சக பேராசிரியர் ஜெரால்டு ஓகாலின்ஸும். நூல் பற்றிப் பேராயம் வெளியிடவிருந்த அறிவிக்கையின் வரைவு துப்புயியின் கையெழுத்துக்காக முதலில் அனுப்பப்பட்டபோது கடுமையாக இருந்தது. இந்தச் சந்திப்புக்குப் பின் அது மாறியது. 2001 ஜனவரி 24 தேதியிட்ட இறுதி அறிவிக்கை, வாசகரைத் தவறான கருத்துக்கு இட்டுச்செல்லக்கூடிய தெளிவின்மைகளும் சிக்கல்களும் நூலில் இருப்பதாகச் சொல்கிறது. அதுவரை அதிகம் ஆராயப்படாத கேள்விகளில் திருச்சபைக் கோட்பாட்டின் எல்லைக்குள்ளேயே நிற்க ஆசிரியர் முயன்றிருக்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. துப்புயி அதில் கையெழுத்திட்டார். பணிக்குத் தண்டனையோ நூலுக்குத் தடையோ அதில் இல்லை.

இனி அவர் எழுதியது. ஜான் ஹிக் போன்ற பன்மைவாதிகள், அதாவது எல்லா மதங்களும் மீட்புக்கு இணையான வழிகள் என்போர், கிறிஸ்துவை மையத்திலிருந்து நகர்த்தி, கடவுளை மட்டும் அங்கே வைத்தார்கள். துப்புயி இதை வெளிப்படையாக மறுத்தார். இயேசு கிறிஸ்துவே மனிதகுலம் முழுமைக்கும் மீட்பர், அவரின்றி மீட்பு இல்லை என்பதில் அவர் அசையவில்லை. அவர் கேட்டது வேறு: மதங்கள் பலவாக இருப்பது வெறும் வரலாற்று நிகழ்வா, கடவுளின் திட்டத்திலேயே அதற்கு இடம் உண்டா? இடம் உண்டு என்பது அவர் பதில். இதற்கு அவர், கிறிஸ்துவின் இரு தன்மைகளை வரையறுத்த ஆயர்கள் கூட்டமான கால்செதோன் பொதுச்சங்கத்திடம் (451) போனார். கிறிஸ்துவின் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கலப்பதும் இல்லை, பிரிவதும் இல்லை என்றால், மனிதராகப் பிறந்த வார்த்தையின் (இறைமகனைக் குறிக்கும் விவிலியப் பெயர்) செயலோடு, வார்த்தை இறைத்தன்மையில் ஆற்றும் செயலையும் வேறுபடுத்திப் பார்க்கலாம். அது மனிதப் பிறப்புக்கு முன்னும் பின்னும் தொடர்கிறது என்றார். வேறுபடுத்துவது பிரிப்பது ஆகாது என்று பக்கத்துக்குப் பக்கம் நினைவூட்டினார். பேராயம் அஞ்சியது இந்த இடத்தைத்தான். வார்த்தையின் மீட்புச் செயல் ஒன்று, இயேசுவின் மீட்புச் செயல் இன்னொன்று என்று வாசகர் இரண்டாக்கிக்கொள்வார் என்பது அதன் கவலை. என் கணிப்பில் அந்தக் கவலை வீண் அல்ல, தங்கள் கட்டுரையே அதற்குச் சான்று.

இயேசுவில் வெளிப்பட்டது ஆழத்தில் முழுமையானது, ஆனால் கடவுளின் மறைபொருளை முற்றும் தீர்த்துவிடவில்லை என்றும் துப்புயி எழுதினார். அந்த வெளிப்பாட்டை அரைகுறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என அறிவிக்கை எச்சரிக்கிறது. பிற மதங்களில் உள்ள உண்மை, நன்மைக் கூறுகள் வழியாகத் தூய ஆவி மீட்புச் செயல் புரிவதாகக் கருதலாம், ஆனால் அம்மதங்களை அப்படியே மீட்பின் வழிகளாகக் கொள்ளக் கத்தோலிக்க இறையியலில் அடிப்படை இல்லை என்பதும் அதிலேயே உள்ளது. கட்டுரை பின்பாதியை மட்டும் எடுத்தாண்டிருக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பிலும் பெரிய ஓட்டை. 1923இல் பெல்ஜியத்தில் பிறந்த அவர் 1948இல் இந்தியா வந்து 36 ஆண்டுகள் இங்கே இருந்தார். டார்ஜிலிங் மலையில் கர்சியாங் இறையியல் கல்லூரியிலும், அது டெல்லிக்கு மாறி வித்யாஜோதி ஆனபின் அங்கும் கற்பித்தார். ரோம் கிரகோரியப் பல்கலைக்கழகத்துக்குப் போனது 1984இல்தான். கட்டுரை அவரை 'ரோமானியப் பேராசிரியர்' என்பது அரை உண்மை. ஜோசப் நாய்னருடன் சேர்ந்து அவர் தொகுத்து 1973இல் பெங்களூருவில் வெளிவந்த திருச்சபைக் கோட்பாட்டு ஆவணத் தொகுப்பு, ஆவணங்களைக் கால வரிசையில் அடுக்காமல் பொருள்வாரியாகப் பிரித்தது. உலக மதங்களுக்கென்றே அதில் ஓர் அதிகாரம் உண்டு. 1991இல் வத்திக்கான் வெளியிட்ட 'உரையாடலும் நற்செய்தி அறிவிப்பும்' ஆவணத்தை எழுதியதிலும் அவருக்குப் பங்கு இருந்தது. வத்திக்கானின் எதிரி என்ற சித்திரம் இங்கேயே உடைகிறது.

நூலைத் தேடும் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அறிவிக்கையின் பாடத்தை எல்லா மறுபதிப்பிலும் மொழிபெயர்ப்பிலும் சேர்க்க வேண்டும் என்று அந்த அறிவிக்கையே நிபந்தனை விதித்தது. 1997 பதிப்பில் அது இருக்காது. ஆகவே பழைய பிரதி கிடைத்தால் அறிவிக்கையைத் தனியே படித்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதி கிறிஸ்தவர்கள் பிற மதங்களை எப்படிப் பார்த்தார்கள் என்ற வரலாறு. சர்ச்சை பெரும்பாலும் இரண்டாம் பகுதியில் உள்ளது. நேரே அங்கே தாவினால் அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே புரியாது. அந்தப் பெரிய நூல் மலைப்பாக இருந்தால், பொது வாசகருக்காக அவர் எழுதி 2001இல் இத்தாலியத்திலும் மறுஆண்டு ஆங்கிலத்திலும் வந்த சிறிய நூலிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
இறையியல் கற்பிக்கும் வாசகர் ஒருவர்