நாசி லெமாக் பொட்டலத்தைத் தூக்கிப் போட்ட லோரி அண்ணனுக்கு

வணக்கம் அண்ணே.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீல நிற லோரி, முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மாரியம்மன் படம், பின்னால் விளிம்பு வரைக்கும் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை. இவ்வளவுதான் நினைவில் இருக்கிறது. சுங்கை சிப்புட்டில் யாரைக் கேட்டாலும் யாருக்கோ சொந்தமாக இருப்பார்கள். அதனால் யாராவது ஒருவர் இதை வாட்ஸ்அப்பில் உங்கள் கைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார் என்று நம்பி எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பழைய லயத்துப் பக்கம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் பக்கம், குதிரை மேல் உட்கார்ந்து வந்துகொண்டிருந்த பெண் நான்தான். எனக்குப் பின்னால் துரத்திக்கொண்டு மூன்று நாய்கள். எதிரில் நீங்கள். இடது பக்கம் காண்டா. மழைத் தண்ணீர் ஓடும் அந்தக் காண்டா என் இடுப்பு ஆழம் இருக்கும். திரும்ப இடமில்லை, ஓட இடமில்லை.

நீங்கள் ஒரு ஐம்பது அடி எட்டத்திலேயே லோரியை நிறுத்தினீர்கள். நிறுத்தியதோடு விடாமல் இஞ்சினையும் அணைத்தீர்கள். அந்த நிமிஷத்தில் சாலை முழுக்க விழுந்த அமைதியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை அண்ணே. கதவைச் சாத்தாமல் திறந்தபடியே விட்டுவிட்டு மெதுவாக இறங்கினீர்கள். "பிள்ளை, அப்படியே நில்லு. நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். பிறகு சீட்டிலிருந்து உங்கள் நாசி லெமாக்கை, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை, எடுத்துப் பிரித்து, எதிர்ப்பக்கப் புல்லில் வீசினீர்கள். வாழையிலை விரிந்து சோறு சிதறியது, அரை முட்டை உருண்டது. நாய்கள் மூன்றும் குதிரையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் பாய்ந்தன. நான் தோட்டப் பாதைக்குள் திரும்பி மறையும் வரைக்கும் நீங்கள் லோரியில் ஏறவே இல்லை. குதிரையைத் தட்டிக்கொடுத்து, நானும் மூச்சு விட்டு, நன்றி சொல்லலாம் என்று திரும்பிப் பார்த்தால் லோரி போயிருந்தது.

உங்கள் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போய்ச் சேர வேண்டும். கிடக்கக் கிடக்கப் பழத்தில் அமிலம் ஏறும், எண்ணெயின் தரம் இறங்கும். டிரிப் கணக்கில் சம்பளம் வாங்குகிற வீட்டுப் பிள்ளைதான் நானும். என் மாமா இருபது வருஷம் லோரி ஓட்டினார். அப்படிப்பட்ட நேரத்தில் ஐந்து நிமிஷத்தையும் காலைச் சாப்பாட்டையும் யார் தருவார்கள்?

குதிரை ஏன் அப்படி நடுங்கியது என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். கொஞ்சம் சொல்கிறேன்.

அவள் பெயர் செவலை. காகிதத்தில் வேறு ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கிறது, வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. என் அப்பா ஈப்போவில் குதிரைப் பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைகளைப் பார்த்துக்கொள்பவராக, இருந்தவர். 1886-இல் தொடங்கிய பேராக் டர்ஃப் கிளப்பில் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்கள் குதிரைகளுக்குக் குளிப்பாட்டியும் தீனி வைத்தும் லாயம் கூட்டியும் வாழ்ந்திருக்கிறார்கள். தாத்தா லயத்தில் பிறந்தார், அப்பா லாயத்தில் வேலை பார்த்தார். இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கள் குடும்பக் கதை முழுவதும் இருக்கிறது.

பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகின்றன. இரண்டு மூன்று வயதில் ஓட ஆரம்பித்து ஏழு எட்டு வயதில் ஓய்ந்துவிடும். ஆனால் ஒரு குதிரை 25 வயது வரைக்கும், அதற்கு மேலும் வாழும். மீதி வருஷங்களுக்கு அது எங்கே போகும் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு பந்தயம் நின்றுவிட்டது. 1864-இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025-இல் கடைசி ஓட்டம் நடந்து முடிந்தது. செவலை ஓய்ந்தபோது அப்பாவால் அவளை விட்டுவர முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ரப்பர் கொட்டகையைச் சரிசெய்து அவளைக் கொண்டுவந்து கட்டினார். அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, அதனால் நான் ஓட்டுகிறேன். எங்கள் கொட்டகைக்கும் செம்பனைத் தோட்டப் பாதைக்கும் நடுவில் அந்தத் தார்ச் சாலை ஒரு அறுநூறு மீட்டர் குறுக்கே கிடக்கிறது. அந்த அறுநூறு மீட்டரைத் தாண்டினால்தான் அவளுக்கு நடமாட்டம். இல்லையென்றால் கட்டுத்தறியிலேயே நின்று காலுக்குச் சீக்கு வந்துவிடும்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும், 350 டிகிரி. பார்க்க முடியாதது இரண்டே இடம்தான்: மூக்குக்கு நேர் முன்னால், வாலுக்கு நேர் பின்னால். பின்னாலிருந்து ஒட்டி வருகிற கார் அதற்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் பயந்து ஓடிப் பிழைத்த உயிர் அது. பின்னால் ஏதோ சத்தம் கேட்டால் என்னவென்று பார்த்துவிட்டு ஓடாது, ஓடிவிட்டுத்தான் பார்க்கும். அந்த ஓட்டத்தில் 500 கிலோ எடை எந்தப் பக்கம் பாயும் என்று மேலே உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரியாது.

லோரியில் ஏர் பிரேக் "புஸ்" என்று விடும் சத்தம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் மோசம். பாம்பு சீறுவது போல என்பார் அப்பா. நீங்கள் எட்டத்திலேயே நின்றதால் அந்தச் சத்தமும் எட்டத்திலேயே முடிந்துவிட்டது. அப்போது நான் பார்த்தது அவள் காதுகளை மட்டும்தான். ஒரு காது உங்கள் பக்கம், இன்னொரு காது நாய்கள் பக்கம். இஞ்சின் நின்றதும் உங்கள் பக்கம் இருந்த காது மெல்லத் தளர்ந்து சாய்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் கடிவாள வாரை இறுக்கிப் பிடித்திருந்த என் கையும் தளர்ந்தது.

எல்லோரும் அப்படி இல்லை அண்ணே. போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், அதே சாலை. ஒரு வெள்ளைக் கார் பின்னால் வந்து, நான் கையைக் காட்டி மெதுவாக என்று சொல்லச் சொல்ல, ஹாரனை விடாமல் அழுத்தியது. செவலை பக்கவாட்டில் எகிறினாள். லாடத்துக்கும் தாருக்கும் ஆகவே ஆகாது, வழுக்கும். அன்றைக்குச் சாலையில் லோரியிலிருந்து விழுந்த உதிரிப் பழம் நசுங்கிக் கிடந்தது, அது எண்ணெய். அவள் பின்னங்கால் சறுக்கிக் காண்டாவின் சிமெண்டு ஓரத்தில் உரசியது. நான் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. கார்க்காரர் நின்றார், கண்ணாடியை இறக்கினார். "குதிரைய ஏன் ரோட்டுக்குக் கொண்டாரீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கை கூடிவிட்டது. செவலையின் காலில் ஒரு விரல் நீளத்துக்கு இன்னும் முடி முளைக்கவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் அவள் தோல் அலையலையாகத் துடிப்பதை இன்றைக்கும் சேணத்துக்கு அடியில் உணர்கிறேன்.

அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். சாலை எல்லோருக்கும் உரியது. நம் மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 43-ஆவது பிரிவு கவனமில்லாமல் ஓட்டுவதை மட்டும் குற்றம் என்று சொல்லவில்லை. சாலையில் போகிற மற்றவர்களைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதையும் குற்றம் என்கிறது. குதிரைகள் நிறைய இருக்கிற பிரிட்டனில் 2022 ஜனவரி 29-ஆம் தேதி சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தியபோது இதைக் கணக்காகவே எழுதிவிட்டார்கள்: குதிரையைத் தாண்டும்போது மணிக்கு 10 மைலுக்குக் கீழே, நம் கணக்கில் 16 கிலோமீட்டர், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி. நம் ஊருக்கு அப்படி ஒரு விதிப் புத்தகம் வரும் என்று நான் காத்திருக்கவில்லை. நீங்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே அதைவிடக் கூடுதலாகச் செய்தீர்கள்.

மோட்டாரில் புகைக்குழாயைப் பிடுங்கிவிட்டு வருகிற பையன்களைப் பற்றி எழுதவில்லை. அவர்களிடம் நேரில் பேசியாகிவிட்டது, இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள்.

நாய்களைப் பற்றித்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். அந்த மூன்றும் யாருடையவை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். லயம் காலியானபோது விட்டுப்போனவை, இல்லையென்றால் அவற்றின் குட்டிகள். குடும்பங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், அங்கே நாய் வைக்க விடுவதில்லை. அழுதுகொண்டேதான் விட்டுப்போயிருப்பார்கள், நான் அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் பன்றிக்குக் காவலாகவும் வாசலுக்குக் காவலாகவும் வளர்ந்த நாய்கள், காக்க வீடு இல்லாமல் போனதும் சாலையையே வீடாக நினைத்துக் காக்கின்றன. செவலை அவற்றுக்கு ஒரு பெரிய திருடி.

நாய் துரத்தினால் குதிரையை ஓட விடக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓடுவதைத்தான் நாய் துரத்தும். குதிரையைத் திருப்பி நாய்க்கு முகம் காட்டி நிறுத்தி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுக்க வேண்டும். தனி நாய் என்றால் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். மூன்று வந்தால், ஒன்றுக்கு முகம் காட்டும்போது மற்ற இரண்டும் வால் பக்கம் வந்துவிடுகின்றன. அங்கே அவளுக்குக் கண் தெரியாது, உதைப்பாள். அவள் உதை பட்டால் நாய் பிழைக்காது. அதையும் நான் விரும்பவில்லை.

"சுடச் சொல்லு, கவுன்சிலுக்கு ஒரு போன் போடு" என்று பலபேர் சொன்னார்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு பக்கம் வெறிநாய்க்கடி வந்தபோது தெரு நாய்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். எனக்கு அது வேண்டாம் அண்ணே. நானும் என் தோழிகள் இரண்டு பேரும் ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசியிருக்கிறோம். மூன்றையும் பிடித்துக் கருத்தடையும் ஊசியும் போட்டு, தினமும் மாலை ஒரே நேரத்தில் சாலையிலிருந்து தள்ளி லயத்துக்குப் பின்னால் சோறு வைக்கலாம் என்று திட்டம். பசி அடங்கி, குட்டியும் இல்லையென்றால் பாதி மூர்க்கம் போய்விடும் என்றார் மருத்துவர். அந்தக் கறுப்பு நாயைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி ஒரு பாட்டி கேட்டிருக்கிறார், வீட்டில் வேலி இருக்கிறது. இன்னும் இரண்டுக்குத்தான் வேலி போட்ட வீடு தேட வேண்டும். அவை யாரிடமும் வர மாட்டேன் என்கின்றன. ஆனால் உங்கள் சோற்றைத் தின்றவை, உங்கள் குரலுக்கு வரும். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பிடிக்கப் போகிறோம். முடிந்தால் ஒரு அரை மணி நேரம் வாருங்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். மில்லில் எடை போட வரிசையில் நிற்கும்போது மற்ற லோரிக்காரர்களிடம் நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள். இஞ்சினை அணைக்கக்கூட வேண்டாம். எட்டத்திலேயே வேகத்தைக் குறைக்கட்டும், ஹாரனில் கை வைக்க வேண்டாம், நான் கையைத் தூக்கினால் நிற்கட்டும். நான் மின்னுகிற பச்சை வெஸ்ட் போட்டிருப்பேன், ஞாயிறும் புதனும் காலை ஏழிலிருந்து எட்டுக்குள் மட்டும்தான் அந்தச் சாலையில் இருப்பேன். நான் சொன்னால் பெண் பிள்ளை ஏதோ சொல்கிறாள் என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அப்புறம், உங்களுக்கு ஒரு நாசி லெமாக் கடன்பட்டிருக்கிறேன். முச்சந்தியில் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடையில் அந்த அக்காவிடம் சொல்லிப் பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். "நீல லோரி அண்ணன்" என்று சொன்னால் போதும், பொரித்த கோழியும் சேர்த்துக் கட்டித் தருவார். சாப்பிட்டுவிட்டு நேரம் இருந்தால் எங்கள் கொட்டகைப் பக்கம் ஒரு எட்டு வாருங்கள். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். வரும்போது ஒரு கேரட் கொண்டுவாருங்கள். விரல்களை ஒட்டி உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்ளுங்கள், செவலை உதட்டாலேயே எடுத்துக்கொள்வாள்.

அன்புடன்,
செவலை வீட்டுப் பிள்ளை
சுங்கை சிப்புட்