பெயர் எழுதாத மொய்க் கவர்களுக்கும் சேர்த்து

போன வெள்ளிக்கிழமை விடியக்காலையில், அருப்புக்கோட்டையில் நாங்கள் குடிவந்திருக்கிற வாடகை வீட்டில் பால் காய்ச்சினோம். நாங்கள் என்றால் நானும் அவனும். ஒன்பது வருஷமாகச் சேர்ந்து இருக்கிறோம், அதில் ஆறு வருஷம் ஊருக்குத் தெரிந்தே. வந்தவர்கள் பதினெட்டுப் பேர். அதற்கு நன்றி சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அன்றைக்கு வராதவர்கள், வர முடியாதவர்கள், உயிரோடு இல்லாதவர் என்று எல்லோரும் வந்துவிட்டார்கள். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் பேருந்து நிலையத்து அண்ணனுக்கு. 2011, மதுரை மாட்டுத்தாவணி, ராத்திரி பத்து மணி இருக்கும். எனக்கு இருபத்திரண்டு வயது. நான் எதற்கு அங்கே நின்றுகொண்டிருக்கிறேன் என்று பார்த்தவுடனே புரிந்துகொண்டு, டீ வாங்கிக் கொடுத்து, என்னைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். "நான் பண்ண தப்ப நீ பண்ணிராத தம்பி, ஒரு பொண்ணு வாழ்க்கையும் சேந்து போயிரும்" என்றீர்கள். அப்புறம் எனக்கு வந்த ஏழு வரன்களையும் நான் தட்டிவிட்டதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம். உங்களை மறுபடி நான் பார்க்கவே இல்லை.

2016-ல், எனக்குப் பிடிப்பது ஆண்களைத்தான் என்று வீட்டில் சொன்னேன். என்ன நடந்தது என்று விரிவாக எழுத மனசு வரவில்லை. ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், அவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, கல்யாணம் பண்ணிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நாலு மாதம் அந்த மாத்திரையில் தூங்கித் தூங்கி விழுந்தேன். மதுரையில் அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர் அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அப்பாவை உட்கார வைத்து, இது நோயே இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது, உங்கள் பையனுக்கு மருந்து தேவையில்லை, நீங்கள் வேண்டுமானால் என்னிடம் வந்து பேசுங்கள் என்று முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னீர்கள். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டது அவர்தான்.

அப்பா ஏற்றுக்கொள்ள ஐந்து வருஷம் ஆனது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எங்கள் உறவைக் குற்றமென்று வைத்திருந்த 377-ஆம் பிரிவை எங்களைப் பொறுத்தவரை செல்லாது என்று சொன்னபோதுகூட அவர் டிவியை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை மாற்றியது 2021 ஜூனில் வந்த ஒரு செய்தி. மதுரைக்காரப் பெண்கள் இருவர், ஒருவரையொருவர் விரும்புகிறவர்கள், பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள் இல்லையா, அந்த வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தனக்குச் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து தீர்ப்பு எழுதினார். மாற்றுகிறேன் பேர்வழி என்று சிகிச்சை செய்வதையும் தடை செய்யச் சொன்னார். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஒரு ஜட்ஜே போய்ப் படிச்சிட்டு வந்திருக்காரு, எனக்கென்ன வந்துச்சு" என்றார். மறுநாள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த நீதிபதிக்கும், துணிந்து கோர்ட்டுக்குப் போன அந்த இரண்டு பெண்களுக்கும் நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பேப்பர் கத்தரிப்பு அவருடைய கணக்கு நோட்டுக்குள் இருந்தது.

நான் பத்திரிகை அடிக்கிற தொழில் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை புகுவிழா. ஊருக்குத் தெரிந்த மூன்றே மாதத்தில் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை, வேறு பக்கம் போய்விட்டார்கள், அவ்வளவுதான். அப்போதுதான் வளையல் கடை அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்கு அறுநூறு பத்திரிகை கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை, பஜாரில் நின்று நாலு பேர் கேட்க, "நம்ம தம்பிகிட்டதான் அடிக்கேன், நயமா அடிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி, நீங்கள் அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கடையைக் காலி செய்துகொண்டு திருப்பூர் பக்கம் போயிருப்பேன்.

அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? 2023-ல் பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்திரிகை என் பிரஸ்ஸில்தான். தாய்மாமன் என்ற வரியில் என் பெயரை மட்டும் போட்டு புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். அக்கா பேனாவை வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரை எழுதி, 'தாய்மாமன்' என்பதை அடித்துவிட்டு 'தாய்மாமன்மார்' என்று திருத்திக் கொடுத்தாள். மச்சான் வீட்டில் கேட்பார்களே அக்கா என்றேன். "கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீ எழுத்துப் பிழை இல்லாம அடி" என்றாள். அந்தப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தும்போது கண் மறைத்துக்கொண்டு எழுத்தே தெரியவில்லை. காது குத்தும்போது பாப்பா அவன் மடியில்தான் இருந்தாள். அதே வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி, எங்கள் மாதிரி ஆட்களுக்குத் திருமண உரிமை கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எனக்கு வருத்தம்தான், இப்போதும் வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் எடுத்துப் பார்த்தது அந்தக் காதுகுத்துப் பத்திரிகையை.

வங்கியில் வேலை பார்க்கிற அந்தத் தங்கச்சிக்கு ஒரு நன்றி. எங்களைப் போன்றவர்கள் ஜாயின்ட் அக்கவுன்ட் தொடங்கலாம், துணையை நாமினியாகப் போடலாம், தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியதைத் தேடி எடுத்து, பக்கத்து மேஜைக்காரரிடமும் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

வீட்டுக்கார டீச்சரம்மாவுக்கும். வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு 'குடும்பத்துக்குத்தான் விடுவோம்' என்ற பதில் பழகியிருக்கும். நாங்கள் அதைப் பதினோரு வீட்டில் கேட்டோம். டீச்சரம்மாவும் அதையேதான் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும்தான் டீச்சர் குடும்பம் என்றேன். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். அப்புறம், "சரி, நல்ல தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வரும், அன்னைக்கு ஆறு மணிக்கெல்லாம் எந்திரிச்சிரணும்" என்றார். திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்க வழி என்றில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் 2025 மே மாதம் சொன்னார்கள். டீச்சரம்மா அதைப் படித்தாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இனி, பெயர் இல்லாதவர்களுக்கு. பால் காய்ச்சின அன்று பிரஸ்ஸைத் திறந்தபோது ஷட்டருக்கு அடியில் நாலு மொய்க் கவர்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்நூற்று ஒன்று, ஆயிரத்து ஒன்று. ஒன்றில்கூடப் பெயர் இல்லை. எங்கள் பக்கம் மொய் செய்கிறவர் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதுவதுதான் வழக்கம், திருப்பிச் செய்ய வேண்டுமே. யார் வைத்திருப்பீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். வெளியில் பார்த்தால் தலையாட்டக்கூட உங்களால் முடியாது. மனைவி, பிள்ளை, கடை, உறவின்முறையில் பொறுப்பு என்று ஆளுக்கொரு கட்டு. அதற்காக உங்கள்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. என் மேல் கல் விழாமல் நீங்கள் எத்தனை இடத்தில் பேச்சை மாற்றிவிட்டிருக்கிறீர்கள் என்பதும் என் காதுக்கு வந்திருக்கிறது. மொய் நோட்டில் நாலு வரியை வெறுமனே விட்டிருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக அத்தைக்கும் அம்மாவுக்கும். உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் யார் உள்ளே எடுத்துப் போவார்கள் என்று முந்தின ராத்திரி வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அக்கா மாமியார் வீட்டு விசேஷத்தில் மாட்டிக்கொண்டாள், விடிந்துதான் வர முடிந்தது. நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. எழுபத்திரண்டு வயது அத்தை, மூட்டு வலியோடு, பட்டுச்சேலை கட்டி இறங்கினார். மடியில் எங்கள் வீட்டு வெண்கலப் பானை. "உங்கம்மா குடுத்துவிட்டா" என்றார், வேறு எதுவும் சொல்லாமல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

அம்மா வரவில்லை. ராத்திரி போன் பண்ணினாள். அவளாகப் போன் பண்ணிப் பல மாதம் ஆகிறது. "பால் எந்தப் பக்கம்டா பொங்குச்சு?" என்றாள். கிழக்குப் பக்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பானைய சபீனா போட்டுத் தேச்சுராதீங்க, புளி போட்டுத் தேய்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

புளி போட்டுத்தான் தேய்த்தோம் அம்மா. அவன்தான் தேய்த்தான். அடுப்படியில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.