சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே எழுதிக் கொடுப்பது உதவியல்ல. புத்தகத்தை மூடச் சொல்லி, "இன்று படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். திக்கித் திணறி நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் பாடம் மனத்தில் தங்கும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நெடுநாள் நினைவுக்கு உதவுகிறது என்பதை ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். பெற்றோருக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தெரியாதவர் கேட்கும் கேள்விக்குத்தான் பிள்ளை நன்றாக யோசித்து விளக்கும். தவறாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், புத்தகத்தைத் திறந்து அதுவே கண்டுபிடிக்கட்டும். சில நாள் கழித்து அதையே மறுபடி கேளுங்கள்.

படிப்புக்காகத் தூக்கத்தைக் குறைப்பதும் வேண்டாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 மணி நேரத் தூக்கமாவது தேவை.

- ஒரு வாசகர்